தகிட தகிட தகதிமி தக தகதிமி: குளோரியா எஸ்டெஃபான் பற்றி வாசகர் கேள்விகள்

கியூபாவின் தாளத்தை ஆங்கிலப் பொப் இசைக்குள் கொண்டுவந்த பாடகி குளோரியா எஸ்டெஃபான். அவரைப் பற்றியும், அவர் பாடல்களை இங்கே மேடையேற்றுவது பற்றியும் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். வாழ்க்கை பற்றிய கேள்விகளும் வாசிப்பு பற்றிய கேள்விகளும் கலந்தே வந்தன. அப்படியே விட்டிருக்கிறோம்.

மகள் தரம் 10 படிக்கிறாள். பாடசாலை ஆங்கில தினத்தில் குளோரியா எஸ்டெஃபான் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது? – ஒரு தாய், கொட்டாஞ்சேனை

ஐந்து நிமிடத்தில் முழு வாழ்க்கையும் அடங்காது. 'கொங்கா' பாட்டு வந்த 1985 வரை சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிந்தியவை எல்லோருக்கும் தெரிந்த வெற்றிகள். அதற்கு முந்தியதில்தான் அவர் எப்படி உருவானார் என்பது இருக்கிறது.

பிறந்தது 1957 செப்டெம்பர் 1, கியூபாவின் தலைநகர் ஹவானாவில். பிறந்த வீட்டுப் பெயர் ஃபஹார்தோ. தந்தை ஹோசே ஃபஹார்தோ, ஆட்சியிலிருந்த பத்திஸ்தா குடும்பத்தின் பாதுகாப்புப் பணியில் இருந்தவர். 1959இல் புரட்சி வென்றதும் குடும்பம் மியாமிக்குத் தப்பி வந்தது. 1961இல், கியூபாவின் புதிய அரசைக் கவிழ்க்க நடந்த பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பில் தந்தை பங்குபற்றிப் பிடிபட்டு, கியூபாச் சிறையில் இருந்தார். விடுதலையாகி வந்து அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார், வியட்நாம் போனார். திரும்பி வந்த சில காலத்தில் நரம்பு மண்டல நோயில் விழுந்து, 1980இல் இறந்தார்.

தாய் ஆசிரியை. கியூபாவில் பெற்ற தகுதி அமெரிக்காவில் செல்லாததால் மறுபடியும் படித்தே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஆகவே படுக்கையில் கிடந்த தந்தையையும் தங்கை பெக்கியையும் பார்த்துக்கொண்டது பள்ளிக்கூடம் போய்வந்த குளோரியாதான். வேலை முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரோடு பாடுவது அவர் வழக்கம். இந்த இடத்தில் மகள் கொஞ்சம் நிதானித்துப் பேசட்டும். மெல்லிய பாடல்களில் அவர் குரல் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்பது போலக் கேட்பது ஏன் என்று சபையில் இருப்பவர்களுக்கு அப்போது விளங்கும்.

1975இல் எமிலியோ எஸ்டெஃபானைச் சந்தித்தார். எமிலியோவின் குழு 'மியாமி லத்தீன் போய்ஸ்' கல்யாண வீடுகளில் வாசித்துவந்தது. அப்படியொரு திருமண விருந்தில் குளோரியா மேடையேறிப் பாடினார். பிறகு ஒன்றுவிட்ட சகோதரி மெர்சியோடு குழுவில் சேர்ந்தார். படிப்பைக் கைவிடவில்லை. வார இறுதியில் பாட்டு, மற்ற நாள்களில் மியாமிப் பல்கலைக்கழகம். பெண்கள் வந்தபின் 'போய்ஸ்' என்ற பெயர் பொருந்தாமல் போக, குழு 'மியாமி சவுண்ட் மெஷின்' ஆனது. 1978 செப்டெம்பர் 2 திருமணம், 1979இல் உளவியலில் பட்டம். மியாமி விமான நிலையச் சுங்கப் பகுதியில் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை செய்தார்.

மேடைப் பேச்சுகளில் வழக்கமாக வரும் இரண்டு பிழைகள்: மியாமி சவுண்ட் மெஷினைக் குளோரியா தொடங்கினார் என்பது ஒன்று. எமிலியோ தொடங்கிய குழுவில் அவர் பின்னால் சேர்ந்தவர். எஸ்டெஃபான் ஸ்பானியப் பெயர் என்பது மற்றது. எமிலியோவின் முன்னோர் லெபனானிலிருந்து கியூபா போனவர்கள்.

எங்கள் குழு கல்யாண வரவேற்புகளில் 'கொங்கா' பாடலை வாசிக்கிறது. எப்படி வாசித்தாலும் பைலா மாதிரியே போகிறது என்று பாடகி சொல்கிறார். டிரம்ஸ்காரர் வேகத்தைக் கூட்டியும் பார்த்தார், குறைத்தும் பார்த்தார். எங்கே பிழை? – இசைக்குழுவினர், வெள்ளவத்தை

பிழை வேகத்தில் இல்லை, அடியைப் பிரிக்கும் கணக்கில் இருக்கிறது. பைலாவில் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும், தகிட தகிட என்று. கொழும்பில் டிரம்ஸ் பழகிய எவருக்கும் அந்த எட்டில் ஆறு (6/8) தாளம் கையில் ஊறியிருக்கும். கியூபாவிலிருந்து பொப்புக்குள் வந்த தாளத்தில் அடி இரண்டாகவும் நாலாகவும்தான் பிரியும். கை பழக்கத்தில் மூன்றுக்குச் சரிந்தால் பாட்டு ஊசலாடத் தொடங்கிவிடும். சபை அதை உடனே பைலாவாகக் கேட்டு ஆடவும் செய்யும். ஆட்டம் நன்றாகத்தான் இருக்கும். பாட்டு மட்டும் வேறாகிவிடும்.

இரண்டும் தூரத்து உறவு என்பதும் உண்மை. இங்கே போர்த்துக்கேயர், அங்கே ஸ்பானியர். இரண்டு இடத்துக்கும் ஆபிரிக்கரைக் கொண்டுவந்தார்கள். 'பைலா' என்ற சொல்லே ஆடுதல் என்ற ஐபீரியச் சொல்லிலிருந்து வந்தது. உறவு கிட்ட இருப்பதால்தான் கை குழம்புகிறது.

திருத்தும் வழி கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு மிக எளிது. கியூப இசைக்கு அடித்தளம் கிளாவே எனப்படும் ஐந்து தட்டு. இரண்டு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்புவது. இரண்டு அளவை (ஓர் அளவு என்பது நாலு அடி) 16 மாத்திரையாகப் பிரித்தால் தட்டு விழுவது 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில். இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள்: 3, 3, 4, 2, 4. அதாவது தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு.

இதை ஆதி தாளத்தில் போடுங்கள், அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை. முதல் தட்டு லகுவின் அடியில் விழும். இரண்டாவது, சுண்டுவிரல் எண்ணிய பின் வரும் அரை அட்சரத்தில். மூன்றாவது, நடுவிரலில். நான்காவது, முதல் திருதத்தின் வீச்சில். ஐந்தாவது, இரண்டாம் திருதத்தின் அடியில். கையால் தாளம் போட்டபடி வாயால் சொற்கட்டைச் சொல்லுங்கள். குழுவில் உள்ள எல்லோரும், பாடகியும் சேர்த்து, நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் பத்து நிமிடம் இடறாமல் சொல்ல வேண்டும். பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டி 120 வரை போங்கள். 'கொங்கா' போகும் வேகம் அதை ஒட்டியதுதான். வாயில் நிற்காதது கையில் நிற்காது.

முதலில் வழுக்கும் இடம் மூன்றாவது தட்டு. அதை 7இலிருந்து 8க்குத் தள்ளிவிட்டால் தகிட தகதிமி தகிட தக தகதிமி ஆகிவிடும். அதுவும் பிழையான தாளம் அல்ல, ரும்பா கிளாவே என்ற வேறு தாளம். ஒருவர் அதையும் மற்றவர் இதையும் வாசித்தால் பாட்டு நொண்டும்.

அடுத்தது பேஸ் கிட்டார். நம் பேஸ்காரர்கள் ஒவ்வோர் அளவின் முதல் அடியிலும் அழுத்தி ஊன்றுவார்கள். கியூப நடையில் பேஸ் முதலடியை விட்டுவிடும். இரண்டாம் அடிக்குப் பிந்திய அரையிலும் நாலாம் அடியிலும்தான் ஒலிக்கும். நாலாம் அடியில் வரும் சுரம் அடுத்த அளவின் கோர்டுக்கு உரியது, அதாவது கோர்டு மாறுவதற்கு ஓரடி முன்னாலேயே பேஸ் மாறிவிடும். ஆடுபவரின் இடுப்பை இழுப்பது இந்த முந்தல்தான். பேஸ்காரர் பயத்தில் முதலடியையும் சேர்த்து வாசித்தால் அந்த இழுப்பு செத்துவிடும்.

அடுத்து, கொங்கா எனப்படும் உயரமான கை மேளத்தை வாசிக்கும் கை: எட்டு அரையடிகளாக எண்ணுங்கள். இடக்கை உள்ளங்கை, இடக்கை விரல்நுனி, வலக்கை அறை, இடக்கை விரல்நுனி, இடக்கை உள்ளங்கை, இடக்கை விரல்நுனி, பிறகு வலக்கையால் இரண்டு திறந்த ஒலி. சபைக்குக் கேட்க வேண்டியவை மூன்றாவதாக வரும் அறையும் கடைசி இரண்டும் மட்டும். மற்றவை வாசிப்பவரின் கைக்குள் நேரம் காப்பவை. ஐந்தையும் ஓங்கி வாசித்தால் தகரத்தில் மழை பெய்வது போலாகிவிடும்.

இன்னொன்று, கல்யாண மேடைக்கே உரியது. ஆடுபவர்கள் உற்சாகத்தில் இருக்கிறார்கள் என்று அறிவிப்பாளர் கைகாட்ட, ஒரு பகுதியைத் திருப்பி வாசிக்கிறீர்கள். திருப்புவது எப்போதும் இரட்டைப்படை அளவுகளாக இருக்கட்டும். ஒற்றைப்படையில் திருப்பினால் கிளாவே தலைகீழாகிவிடும், மூன்று தட்டு வரவேண்டிய இடத்தில் இரண்டு தட்டு வரும். சபைக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஆட்டம் தளர்வதை மேடையிலிருந்தே பார்ப்பீர்கள். சில பாட்டுகள் இரண்டு தட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கும். அவற்றுக்கு ஆதி தாளத்தின் ஐந்தாம் அட்சரத்தை முதலடியாக வைத்து எண்ணுங்கள், அவ்வளவுதான்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பாடுகிறேன். 'ஒரு மொழியைப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் ஓரிடத்திலும் நிலைக்க மாட்டாய்' என்கிறார்கள். குளோரியா இரண்டு மொழியில் எப்படி நிலைத்தார்? – பாடகர், தெஹிவளை

அவர் மொழியை மாற்றினார், தாளத்தை மாற்றவில்லை. ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

1977 தொடக்கம் குழுவின் இசைத்தட்டுகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் வந்தன. மியாமியிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அவற்றுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். 1984இல் வந்த ஆங்கிலப் பாட்டு 'டொக்டர் பீட்' ஐரோப்பிய நடனக் கூடங்களில் ஓடி, பிரித்தானியப் பட்டியலில் 6ஆம் இடத்தைப் பிடித்தது. 1985இல் 'பிரிமிட்டிவ் லவ்' தொகுப்பில் 'கொங்கா' வந்தது. எழுதியவர் குழுவின் டிரம்ஸ்காரர் கிக்கி கார்சியா. வரிகள் ஆங்கிலம். அடியில் ஓடுவது கியூபத் திருவிழா ஊர்வலத்தின் தாளம், மேலே பித்தளை வாத்தியங்கள், பியானோவின் விடாத சுழல். இசைத்தட்டுக் கம்பனியில் இருந்தவர்கள் இது ஆங்கிலக்காரருக்கு அதிக லத்தீன், லத்தீன்காரருக்கு அதிக ஆங்கிலம் என்று சொன்னதை எஸ்டெஃபான் தம்பதியர் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பித்தளையையும் தாள வாத்தியங்களையும் குறைக்க அவர்கள் இணங்கவில்லை. அந்தப் பாட்டு, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பொப், லத்தீன், கறுப்பின இசை, நடனம் ஆகிய நான்கு பட்டியல்களிலும் ஒரே காலத்தில் இடம்பிடித்த முதற்பாட்டு ஆனது. பொப் பட்டியலில் எட்டிய இடம் 10.

அதன்பின் மெல்லிய பாட்டுகள் அவரை உச்சிக்குக் கொண்டுபோயின. 1988இல் 'எனிதிங் ஃபோர் யூ', 1989இல் 'டோன்ட் வோனா லூஸ் யூ' இரண்டும் அமெரிக்காவில் முதலிடம். இரண்டாவதற்கு அதே தொகுப்பில் ஸ்பானிய வடிவமும் வைத்தார். ஆங்கிலத்தில் உச்சியில் இருந்த காலத்திலேயே, 1993இல், முழுக்க ஸ்பானிய மொழியில் 'மி தியெர்ரா' தொகுப்பைக் கொண்டுவந்தார். பெயருக்கு அர்த்தம் 'என் மண்'. பாட்டி தாத்தா காலத்துக் கியூப நடையில் புதிதாக எழுதிய பாட்டுகள். அதற்குக் கிராமி கிடைத்தது.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துச் சொல்லக்கூடியது: முதலில் வீட்டு மொழிக்காரரிடம் ஏழெட்டு வருடம் பாடிக் கை தேர்ந்தார், பிறகே அடுத்த மொழிக்குப் போனார். போன இடத்தில் தன் தாளத்தைக் கழற்றி வைக்கவில்லை. இங்கேயும் முன்மாதிரி இருக்கிறது. ஏ.ஈ. மனோகரன் தமிழிலும் சிங்களத்திலும் பாடினார். எந்த மொழியில் பாடினாலும் கேட்டவுடன் அவர்தான் என்று சொல்லிவிடலாம். உங்களிடம் அப்படி மாறாமல் நிற்பது எது என்று கண்டுபிடியுங்கள். மூன்று மொழியில் மூன்று ஆளாகப் பாடினால்தான் உங்களுக்குச் சொன்ன எச்சரிக்கை பலிக்கும்.

விபத்தில் முதுகெலும்பு முறிந்து, முதுகில் இரும்புக் கம்பியோடு ஆடுகிறார் என்பது உண்மையா? – வாசகர், வத்தளை

கம்பி உண்மை. இரும்பு அல்ல, டைட்டேனியம்.

1990 மார்ச் 20. இசைப் பயணத்தின் நடுவில், பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகருக்கு அருகே பனி பெய்துகொண்டிருந்தது. முன்னால் வீதி மறிபட்டதால் அவர்களின் பஸ் நின்றது. பின்னால் வந்த லொறி மோதியது. படுத்திருந்த குளோரியாவின் முதுகெலும்பு முறிந்தது. மகன் நயீபுக்குக் காறை எலும்பு முறிந்தது. நியூயோர்க்கில் நடந்த சத்திர சிகிச்சையில் முறிந்த இடத்தின் இரு பக்கமும் இரண்டு கம்பிகள் வைத்து எலும்பைத் தாங்கவிட்டார்கள்.

பாடகர்கள் இதில் கவனிக்க வேண்டியது, திரும்பி வந்த வேகத்தை விட வந்த முறை. பல மாதம் அன்றாடம் உடற்பயிற்சிச் சிகிச்சை. 1991 ஜனவரியில் அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடையில் முதலில் ஒரே ஒரு பாட்டு, அதுவும் ஆட்டமில்லாத 'கமிங் அவுட் ஒஃப் த டார்க்'. மார்ச்சில்தான் முழு நிகழ்ச்சியோடு பயணம் தொடங்கியது. அந்தப் பாட்டும் முதலிடத்துக்குப் போனது. அதைச் சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர், அவருக்குப் பின்னணி பாடிக்கொண்டிருந்து பிறகு தானே பெயர்பெற்ற ஜோன் சகாடா.

முதுகில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்கள் அவரைப் பார்த்து ஆடத் தொடங்கக் கூடாது. எந்த எலும்பு, எத்தனை மாதம், எந்த அசைவு என்பதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து பாடத் தொடங்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள், வயிற்றுத் தசையை இறுக்கி மூச்செடுப்பதும் முதுகை இழுக்கும்.

ஸ்பானிய வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடுகிறேன். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் கேட்டுவிட்டு, 'விளங்குகிறது, ஆனால் பிழை' என்றார். எதைத் திருத்துவது? – மாணவி, பம்பலப்பிட்டி

தமிழ் வாய்க்கு ஸ்பானிஷ் கடினமான மொழியே அல்ல. ஆங்கிலம் வழியாகப் போகாமல் தமிழ் வழியாகப் போங்கள், பாதிப் பிழை தானாக உதிர்ந்துவிடும்.

உயிரெழுத்து ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலத்தில் போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்காது. நீட்டிப் பாடும் போதும் 'ஒ' கடைசி வரை 'ஒ'வாகவே இருக்க வேண்டும். நம் சங்கீதத்தில் அகாரம் பிடிப்பது போல.

ப, த, க மூன்றையும் காற்றுத் தள்ளாமல், தமிழில் சொல்வது போலவே சொல்லுங்கள். இரண்டு உயிருக்கு நடுவே வரும் 'த' தமிழில் மெலிவதைக் கவனித்திருப்பீர்கள்: 'தந்தை' என்பதின் முதல் த போல் அல்ல 'அது' என்பதில் வரும் து. ஸ்பானிய 'டீ' (d) எழுத்தின் ஒலியும் நடுவில் வரும்போது அதே மெலிவுதான். 'அகம்' என்பதில் க மெலிவது போலவே அவர்களின் 'க'வின் மென்மையான வடிவமும். இது நமக்கு இலவசமாகக் கிடைத்த வசதி. ஆங்கிலம் மட்டும் பேசுபவர் மாதக்கணக்கில் பழக வேண்டியது.

எழுதும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. டொராண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதிப் பழகிய இலங்கைக் கண்ணுக்கு ர, ற இரண்டும் ஆங்கில 'ட' ஒலியாகவும் தெரியும். 'ற்ற' என்று எழுதினால் 'வெற்றி' என்பது போல வாசித்துவிடுவீர்கள். ஸ்பானிய இரட்டை ரகரத்தை 'ர்ர' என்றே எழுதுங்கள்: தியெர்ரா. நாக்கு நுனி அண்ணத்தில் மூன்று நாலு தடவை அதிர வேண்டும். ஒற்றை ரகரம் 'மரம்' என்பதில் வரும் ரகரம்தான். 'மான்யானா' என்று எழுதாதீர்கள், 'மஞானா' என்று நம் ஞவையே போடுங்கள். ஆங்கில எழுத்தில் 'ஜே' இருக்கும் இடத்தில் தொண்டையிலிருந்து வரும் ஹ. ஆங்கில எழுத்தில் 'எச்' இருந்தால் ஒலியே இல்லை. 'வீ' வந்தால் 'ப'வின் மென்மையான ஒலி. ஸ்பெயினில் நாக்கைப் பல்லுக்கிடையே வைத்துச் சொல்லும் ஒலியைக் கியூபாவில் வெறும் 'ஸ' என்பார்கள். குளோரியா பாடுவதும் அப்படித்தான்.

உங்களைத் திருத்தியவர் கேட்ட பெரிய பிழை எழுத்தில் இருந்திருக்காது, புணர்ச்சியில் இருந்திருக்கும். தமிழில் உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவே ய் அல்லது வ் போட்டுவிடுவோம். 'தெ ஆமோ' என்பது நம் வாயில் 'தெயாமோ' ஆகி மூன்று அசையாக நீளும். ஸ்பானியப் பாட்டில் 'எ'யும் 'ஆ'வும் ஒட்டி ஒரே சுரத்தில் உட்காரும், மொத்தம் இரண்டே அசை. இதைக் கவனிக்காவிட்டால் ஒவ்வொரு வரியிலும் ஓர் அசை கூடி, வரி தாளத்தை விட்டுப் பின்னால் ஓடும். குறிப்பேட்டில் இப்படிச் சேரும் உயிர்களுக்குக் கீழே ஒரு வளைவு போட்டுவையுங்கள்.

கொங்கா வாடகைக்கு எடுக்கிறோம். கடையில் வாசித்துப் பார்த்தபோது நல்ல ஒலி, மண்டபத்தில் கட்டைக் குரல் அல்லது கீச்சுக் குரல். ஏன்? – ஒலியமைப்பாளர், மருதானை

தோல் கொழும்புக் காற்றைக் குடிக்கிறது. இயற்கைத் தோல் ஈரப்பதனில் தளர்ந்து சுருதி இறங்கும். குளிரூட்டிய மண்டபத்தில் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். திறந்த லொறியில் மழை நாளில் ஏற்றிவந்து, ஏசி மண்டபத்தில் உடனே சுருதி கூட்டினால், இரண்டு மணி நேரத்தில் ஏறிப்போய்க் கீச்சிடும். நிகழ்ச்சிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே வாத்தியத்தை மேடையில் வைத்து, ஏசியும் போட்டுவிட்டு, கடைசி அரை மணியில் சுருதி சேருங்கள். வரவேற்பு வேலைகளை மட்டும் செய்யும் குழு என்றால் பிளாஸ்டிக் தோல் போட்ட கொங்கா போதும். ஒலியின் சூடு சற்றுக் குறைவு, ஆனால் நகராது.

சுருதி சேர்க்கும் போது விளிம்பு ஆணிகளைச் சுற்றுவரிசையில் ஒவ்வொன்றாகக் கால் சுற்று மட்டும் திருகுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் வளையம் சாய்ந்து தோல் கிழியும். இரண்டு கொங்கா வைத்தால் பெரியதை ச, சிறியதை சுத்த மத்திமம் ஆக வையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஆணிகளை ஒரே அளவாகத் தளர்த்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்தது நிலம். கொங்காவின் கீழ் ஒலி அடிவாயால் வெளிவரும். கம்பளத்தில் நேராக வைத்தால் வாய் அடைபட்டுவிடும். தாங்கியில் இரண்டு மூன்று அங்குலமாவது உயர்த்துங்கள், உட்கார்ந்து வாசிப்பவர் காலால் சற்றுச் சாய்த்துக்கொள்வார். மைக், இரண்டுக்கும் நடுவே விளிம்புக்கு நாலைந்து அங்குலம் மேலே ஒன்று போதும்.

கொங்கா கிடைக்காத நாளில் டோலக் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் இடப்பக்கத்தின் வழுக்கல் ஒலியை முழுக்க அடக்கிவிட வேண்டும். அந்தக் கமகம் வந்தால் கடைசி இரண்டு திறந்த ஒலியும் மங்கிப்போகும். பொங்கஸ் என்ற சிறிய இரட்டை மேளம் இதற்கு மாற்று அல்ல, அதன் வேலை வேறு.

என் குரல் மேல் குரல். அவர் பாட்டுகளின் தொடக்க வரிகள் எனக்குக் கேட்காமல் போகின்றன. – பாடகி, கல்கிசை

அவர் குரல் தாழ்ந்த பெண்குரல். சரணத்தைக் கீழே மெதுவாகத் தொடங்கி, பல்லவியில்தான் மேலே போவார். பாட்டின் மிகக் கீழ்ச் சுரத்தைக் கீபோர்டில் கண்டுபிடியுங்கள். பிறகு, நான்கு அடிக்கு அசையாமல் பிடிக்கக்கூடிய உங்கள் கீழ்ச் சுரத்தைக் கண்டுபிடியுங்கள். பாட்டின் கீழ்ச் சுரம் உங்களுடையதற்கு இரண்டு அரைச்சுரமாவது மேலே இருக்கும்படி சுருதியை ஏற்றுங்கள். ஏற்றியபின் மேல் எல்லையையும் பாடிப் பாருங்கள், ஒருமுறை அல்ல, பல்லவியை மூன்று முறை தொடர்ச்சியாக. குழுவில் ட்ரம்பெட்டோ சாக்ஸோ இருந்தால் அவர்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் அவர்களுக்கு உதவாது. மெல்லிய பாட்டுகளில் குரலைக் கூட்டாமல் மைக்கைக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

லத்தீன் பொப்பைத் தொடங்கியவர் குளோரியாவா, ரிக்கி மார்ட்டினா? – வாசகர், ஜிந்துப்பிட்டி

இருவரும் இல்லை. 1930களின் கடைசியில் கியூபாக்காரரான தெசி ஆர்னாஸ் மியாமியில் கொங்கா ஆட்டத்தைப் பரப்பினார். 1958இல் ரிச்சி வாலன்ஸ் ஒரு மெக்சிக்கோ நாட்டார் பாட்டை ரொக் ஆக்கினார். 1970இல் சந்தானா குழு தித்தோ புவெந்தேயின் பாட்டைக் கிட்டாருக்கு மாற்றியது. குளோரியா 1985இல் செய்தது, அந்தத் தாளத்தை வருடா வருடம் பட்டியலில் நிற்கும் பொப் ஆக்கியது. ரிக்கி மார்ட்டினின் ஆங்கில வெற்றி 1999இல். ஷக்கீராவின் 1998 தொகுப்பின் தயாரிப்பில் எமிலியோவின் கையும் இருந்தது.

இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது? – வாசகி, கிராண்ட்பாஸ்

'மி தியெர்ரா'விலிருந்து. ஆங்கில வெற்றிகளில் தொடங்கினால் எண்பதுகளின் மின்னணு டிரம் ஒலி இன்றைய காதுக்குக் கொஞ்சம் தடையாக இருக்கும். 'மி தியெர்ரா' வந்த நாளில் போலவே இருக்கிறது. அதில் வாசித்தவர்களைப் பாருங்கள்: பேஸில் கச்சாவோ, டிம்பாலே மேளத்தில் தித்தோ புவெந்தே, ட்ரம்பெட்டில் ஆர்த்துரோ சந்தொவால், கூடவே சாக்ஸ் கலைஞர் பகீத்தோ டி'ரிவேரா. கியூப, லத்தீன் இசையின் மூத்த கைகள். அடுத்து 1995இன் 'அப்ரியெந்தோ புவெர்தாஸ்', 2000இன் 'அல்மா கரிபெஞா'. இவை இரண்டும் கிராமி பெற்றவை. பிறகு 2007இன் '90 மியாஸ்'. ஃப்ளொரிடாவிலிருந்து கியூபாவுக்குள்ள 90 மைல்தான் அந்தப் பெயர். கொழும்பிலிருந்து புத்தளம் போகும் தூரத்தை விடச் சற்றுக் கூட. அந்தத் தூரத்தைத் தாண்டித் திரும்பிப் போக முடியாதவர்களின் பாட்டுகள் அவை. 2025இல் 'ராயிசெஸ்', 'வேர்கள்' என்று இன்னொரு ஸ்பானியத் தொகுப்பும் வந்திருக்கிறது.

கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் அதில் விழாது. சாதாரணக் காதுக் கருவி போதும். ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை குரலை மட்டும். இரண்டாம் முறை வெள்ளவத்தைக் குழுவினருக்குச் சொன்ன சொற்கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு. மூன்றாம் முறை கச்சாவோவின் பேஸைப் பின்தொடர்ந்து, அது முதலடியில் ஊன்றாமல் போகும் ஒவ்வோர் இடத்தையும் எண்ணுங்கள்.